நாற்பத்தாறாம் பக்கம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. கம்பெனியின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. முதலாளியில் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘போலந்தார்’. போலந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மனிதர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவார். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்.

மருந்துக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் செய்து கொடுக்கும் இடம் அது. தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு பக்கம் நான்கு மேஜைகள், மேஜைக்கு இரண்டு பெண்கள். அச்சாகி, வெட்டுப்பட்டு வரும் அட்டையைக் கையால் மடித்து, ஓரத்தில் பசை தடவி, ஒட்டி அடுக்குவது அவர்கள் வேலை. கூடத்தின் கடைசியில் அதே வேலையைச் செய்யும் மெஷின். ஒரு முனையில் அட்டையை அடுக்கிவிட்டால் பெல்ட் இழுத்துக்கொண்டு போய், மடித்து, பசை வைத்து, அமுக்கி, மறுமுனையில் பெட்டிகளாகத் துப்பிவிடும். போலந்தார் பதினேழு வயதில் இங்கே வெட்டுக் காகிதம் கூட்டிப் பெருக்க வந்தவர். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று எழுந்து வந்தவர். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவரிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பின்னால் அவர் செய்த காரியத்துக்கு இதனால் நியாயம் கிடைத்துவிடாது. காரணமாவது கிடைக்கும் என்றுதான் சொல்லி வைப்பது.

மெஷின் வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். போலந்தில் மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து முதலாளி அதைப் பழைய சரக்காகப் பிடித்திருந்தார். ஆள் உயர மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே தலையணை பருமனில், பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போலிஷ் மொழி. மெஷினைப் பொருத்திக் கொடுக்க அந்த நாட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பத்தொன்பது நாள் இருந்தார். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் டீ வாங்கி வரவும் நம்மவரை விட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் ஏறக்குறைய இருபது வார்த்தைகள் காதில் ஒட்டிக்கொண்டன. ‘டோப்ஷே’ என்றால் சரி. ‘போவோலி’ என்றால் மெதுவாக. ‘நியே’ என்றால் கூடாது. அப்புறம் டீ, எண்ணெய், பத்து வரைக்கும் எண்ணிக்கை. அவ்வளவுதான் கையிருப்பு.

மெக்கானிக் விமானம் ஏறிய மூன்றாம் நாள் மெஷின் நின்றுவிட்டது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நம்மவர் புத்தகத்தைத் தூக்கி வந்து மெஷின் மேல் விரித்து வைத்து, படத்தைப் பார்த்து ஒரு திருகைத் திருகினார். குருட்டாம்போக்கில் மெஷின் ஓடிவிட்டது.

“உனக்கு இந்த பாஷை படிக்கத் தெரியுமாய்யா?” என்றார் முதலாளி, கண்கள் விரிய.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர் நழுவவிட்டார். “ஏதோ, ஓரளவு முதலாளி” என்றார்.

அன்றையிலிருந்து புத்தகம் பேச ஆரம்பித்தது. மெஷின் பக்கத்தில் நின்று யாரும் அரட்டை அடிக்கக் கூடாது என்றது. டீ டம்ளரை மெஷின் மேல் வைக்கக் கூடாது என்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினுக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் அது கண்டிப்பாகச் சொன்னது. அந்த அரை மணி நேரமும் மெஷினோடு சேர்ந்து போலந்தாரும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு வசதியாக, மெஷின் வந்த மரப்பெட்டியின் பலகைகளிலேயே ஒரு ஸ்டூல் அடித்துக்கொண்டார். அவர் பெயர் தெருவிலும் பரவியது. எதிர்வீட்டுக்காரர் ஒரு வெளிநாட்டுப் பொம்மைப் பெட்டியைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, “இது பழைய போலிஷ், இப்ப யாரும் எழுதறதில்ல” என்று சொல்லி அனுப்பினார். வாய் கூசவில்லை. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய புளுகு. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

மூன்றாம் மேஜையில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை ‘மூணாம் டேபிள்’ என்றே கூப்பிட்டார்கள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். கையும் வேகம், காதும் கூர்மை. அட்டையை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், “அண்ணே, பெல்ட் ஒரு பக்கமா இழுக்குது” என்பாள். போய்ப் பார்த்தால் இழுத்துக்கொண்டிருக்கும். மெஷின் வந்த மறுவருஷம் போலந்தார் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். அவசரச் சரக்கு ஒன்று போக வேண்டியிருந்தது. மூணாம் டேபிள் எழுந்து போய், காதைக் கொடுத்துக் கேட்டுக் கேட்டே, நான்கு நாளும் மெஷினை ஓட்டினாள். ஒரு பெட்டிகூட வீணாகவில்லை. காய்ச்சல் விட்டு வந்தவரிடம் முதலாளி சந்தோஷமாகச் சொன்னார்: “இனிமே அந்தப் பொண்ணும் மெஷின்ல நிக்கட்டும். நீ சொல்லிக் குடு.”

அவருக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கூட்டியபின் கிடைத்த ஒரே கௌரவம், நாலு நாள் காய்ச்சலில் பாதியாகிப் போவதா? புத்தகத்தை எடுத்தார். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. பெரிய கறுப்பு முக்கோணமும் அதற்குள் ஆச்சரியக்குறியும் போட்டு, கொட்டை எழுத்தில் நான்கு வரி இருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நாற்பத்தாறு. வரிக்கு வரி விரலை ஓட்டினார்.

“ஒரு ஆள்தான் தொடணும்னு போட்டிருக்கான் முதலாளி. பாஷை தெரிஞ்ச ஒரே ஆள். கை மாறிச்சுன்னா செட்டிங் போயிடுமாம். அப்புறம் அவங்க பொறுப்பில்லையாம்.”

மூணாம் டேபிள் பக்கத்தில்தான் நின்றாள். எட்டிப் பார்த்தாள். “அப்படியேவா எழுதியிருக்கு அண்ணே?”

“பாரு, முக்கோணம் போட்டுல்ல எழுதியிருக்கான்.”

அவள் முக்கோணத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு மற்ற பெண்கள் யாராவது மெஷின் பக்கம் போனால் அவளே அதட்டுவாள்: “ஏய், தொடாதடி! நாப்பத்தாறாம் பக்கத்துல போட்டிருக்கு.” இப்படியே பதினோரு வருஷம் போயிற்று. நடுவில் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, இனிமேல் மடிக்கிற வேலை வேண்டாம் என்றார். அவள் பட்டையைக் கட்டிக்கொண்டே மடித்தாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், டீ நேரத்தில், மூணாம் டேபிள் அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, நம்ம பாப்பாவுக்கு வெளிநாட்டுல நர்ஸ் வேலை வருது. எந்த நாடுன்னு சொல்லுங்க பாப்போம்?”

“எந்த நாடு?”

“உங்க நாடுதாண்ணே! போலந்து!”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“பாஷை படிச்சுப் பரீட்சை எழுதணுமாம். ஏன்டி பயப்படற, நம்ம அண்ணன் எதுக்கு இருக்காருன்னு சொல்லிட்டேன். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

“பரீட்சைன்னா முறையா படிக்கணும்மா. அதுக்குன்னு க்ளாஸ் இருக்கும். அங்க அனுப்பு.”

“சரிண்ணே. சந்தேகம்னு வந்தா மட்டும் உங்ககிட்ட அனுப்பறேன்.”

படிக்கிற பெண்ணுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார். அந்த இருபது வார்த்தை சமாச்சாரம் மனைவிக்குத் தெரியும். நாற்பத்தாறாம் பக்கம் தெரியாது.

“தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்களேன். தலையையா வாங்கிடப் போறாங்க?”

“உனக்குப் புரியாது.”

“புரியுது, புரியுது. நல்லாவே புரியுது” என்றாள் அவள்.

அந்தப் பரீட்சைக்குப் போலிஷ் சொல்லிக் கொடுக்கும் இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். வார நாட்களில் மாலை வகுப்பு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு ஒன்று. மாலை வகுப்புதான் உசத்தி என்று மூணாம் டேபிளிடம் அடித்துச் சொன்னார். தான் ஓசைப்படாமல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். அந்தப் பெண் சந்தேகத்தோடு வருவதற்குள் நாலு பாடம் முந்திக்கொண்டால் போதும் என்பது திட்டம். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு, அது மாறும் என்பதெல்லாம் அந்த மூளைக்கு எட்டவில்லை.

முதல் வகுப்புக்குப் புது நோட்டும் புதுப் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தார். டீச்சர் அந்த நாட்டில் பதினைந்து வருஷம் குடியிருந்துவிட்டு வந்த அம்மாள். “எதுக்காகப் போலிஷ் படிக்க வந்தீங்க? ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். லாரி டிரைவர் ஒருவர், அங்கே வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்றார். ஒரு பெண் மேல்படிப்பு என்றாள். ஓர் இளைஞன் நெளிந்துகொண்டே, கட்டிக்கொள்ளப் போகிற பெண் அந்த ஊர்க்காரி, அவளுடைய அப்பாவிடம் நேரில் பேச வேண்டும் என்றான். வகுப்பே கைதட்டியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், “இத்தனை மெய்யெழுத்த ஒரே மூச்சுல எப்படித்தான் சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார். எல்லோரும் எங்கேயோ போய்ச் சேருவதற்காக வந்திருந்தார்கள். போலந்தார் மட்டும் பிடிபடாமல் இருப்பதற்காக வந்திருந்தார்.

அவர் முறை வந்தது. பொழுதுபோகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது கதவும் திறந்தது.

“சாரி டீச்சர், ஷிஃப்ட் மாத்திட்டாங்க, இனிமே சாயந்திரம் வர முடியாது…” என்று சொல்லிக்கொண்டே மூணாம் டேபிளின் மகள் உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “மாமா! நீங்கதான் இங்க சொல்லிக் குடுக்கறீங்களா? அம்மா சொல்லவே இல்லையே!”

டீச்சர் சிரித்துவிட்டார். “இல்லம்மா, அவரும் உன்ன மாதிரிதான். இன்னிக்குத்தான் ஆனா ஆவன்னா.”

இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் முன்னால் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தாள். அதில் கோணல் எழுத்தில் ‘வணக்கம்’ மட்டும் எழுதியிருந்தது. காலி இடம் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தாள். “நீங்க காரணம் சொல்லலையே?” என்றார் டீச்சர். “சும்மாதான்” என்றார் போலந்தார். காது மடல் சுட்டது. ஐம்பது வயதில் அப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதில்லை. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மாடியாகப் போயிற்று, பிளந்தாலும் மருந்துக்கடையில்தான் விழ வேண்டும்.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது அவள் கேட்டாள்.

“மாமா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?”

“இருபது வார்த்தை தெரியும்மா.”

அவள் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினாள். “அப்ப அந்த நாப்பத்தாறாம் பக்கம்?”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுல அது தினப்படிப் பேச்சு மாமா. சின்ன வயசுல நான் எதுக்காவது அடம் பிடிச்சா அம்மா அதத்தான் சொல்லும். ‘எனக்கும்தான் மெஷின் ஓட்ட ஆசை. கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு, கேட்டுக்கிட்டு நான் இருக்கேன்ல’ன்னு.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அம்மாகிட்ட சொல்லிடாதம்மா” என்றார். பெற்ற பெண் வயதுள்ளவளிடம் கெஞ்சுகிறோம் என்பது தெரிந்தே கெஞ்சினார்.

“நான் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் சொல்லணும். மொதல்ல அந்தப் பக்கத்த எடுத்துட்டு வாங்க. என்னதான் எழுதியிருக்குன்னு பாப்போம்.”

இன்று மறந்துவிட்டேன், இன்று புத்தகம் முதலாளி அறையில் இருக்கிறது என்று எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினார். ஒன்பதாவது வாரம் தட்ட முடியாமல் பையில் வைத்துக் கொண்டு போனார். எல்லோரும் போன பிறகு இருவரும் அகராதியோடு உட்கார்ந்தார்கள். தப்பித்தவறி அந்த மாதிரி ஏதாவது எழுதியிருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் அவருக்கு ஒரு நப்பாசை. அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதினாள். மரம். பெட்டி. ஈரம். கவிழ்த்தல். கடைசியில் நான்கு வரியையும் சேர்த்துப் படித்தாள்: மெஷினை வேறு இடத்துக்கு அனுப்பும்போது மரப்பெட்டியில் அடைக்கவும். ஈரம் படக் கூடாது. கவிழ்க்கக் கூடாது. பெட்டியின் மேல் பாரம் ஏற்றக் கூடாது.

அவர் தினமும் ஏறி உட்கார்ந்து தூங்குகிற பலகையைப் பற்றித்தான் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது. அவள் அகராதியை மூடினாள்.

“இதுக்கா எங்கம்மா கை வீங்கிச்சு” என்றாள். அவரிடம் கேட்கவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு வீம்பு பிறந்தது. இந்தப் புத்தகம் அப்படி என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். முதல் பக்கங்களில் படமே அதிகம், இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு முக்கோணம் இருந்தது, நாற்பத்தாறில் இருந்ததைவிடப் பெரியது. அதன் கீழே இருந்த சொற்களில் பாதி அவருக்குப் பழக்கமாகியிருந்தன. ‘மஷினா’ என்றால் மெஷின். ‘யெத்னா ஒசோபா’ என்றால் ஒரு ஆள், மூன்றாம் பாடத்தில் வந்தது. ‘நியே’ என்றால் கூடாது, அது அந்த மெக்கானிக் சொல்லிக் கொடுத்தது. ‘த்வியே ஒசோபி’ என்றால் இரண்டு பேர். மற்றதை அகராதியில் பார்த்து ஒட்டவைத்தார்.

இந்த மெஷினை ஒரே ஆளை நம்பி விடக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் இதில் பழகியிருக்க வேண்டும்.

யார் உதவியும் இல்லாமல் அவர் படித்த முதல் போலிஷ் வாக்கியம் அதுதான். மறுபடி படித்தார். அது மாறவில்லை. காபி கொண்டு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார், காய்ச்சலில் தொடங்கி. அவள் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“நம்ம வீட்டுக்கு வர்றப்பல்லாம் அண்ணி அண்ணின்னு என் கையப் புடிச்சுக்குமே அந்தப் பொண்ணு” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே முதலாளி எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார். அதே கம்பெனியின் இன்னொரு பழைய மெஷின் அடுத்த மாதம் வருகிறது. மேஜை வேலை இனிமேல் கிடையாது. எட்டுப் பெண்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நம்ம பொம்பளைங்களையே மெஷின்ல பழக்கிடலாம்னுதான் எனக்கும் ஆசை. புத்தகம் ஒத்துக்கலையே. பாஷை தெரிஞ்ச ஆள் ஒருத்தர வெளியிலேர்ந்துதான் புடிக்கணும். என்ன போலந்தார், வேற வழி எதாவது போட்டிருக்கா அதுல?”

ஏழு பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூணாம் டேபிள் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் அந்தப் பக்கம் மனப்பாடம் ஆயிற்றே. ஒன்பதாம் பக்கம் அவர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் எட்டுப் பேர் பிழைப்பு போகும். இதில் எது பெரியது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“பாத்துச் சொல்றேன் முதலாளி” என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட அதே நொடி மறுபடியும் கைக்கு வந்தது, மறுபடியும் விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் கண்ணாடியில் முகம் பார்க்காமல் ஷவரம் செய்தார். கன்னத்தில் இரண்டு வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தப் பெண் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முடிந்ததும் படியில் அவரைக் கடந்து போனவள் நின்றாள்.

“அம்மா வீட்டுல என்ன சொல்லுது தெரியுமா மாமா? ‘பாவம் அண்ணன், எங்களுக்காக வேற வழி எதாவது இருக்கான்னு புத்தகத்தப் புரட்டிக்கிட்டே இருக்காரு, முகமே வாடிப் போச்சு’ன்னு சொல்லுது.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். மூணாம் டேபிள் அவருக்காகப் பரிதாபப்படுகிறாளாம்.

திங்கட்கிழமை டீ நேரத்தில், பச்சை அட்டைப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். மற்ற மேஜைப் பெண்கள் டம்ளரோடு திரும்பினார்கள். மூணாம் டேபிள் மட்டும் டீ குடிக்காமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் போலிஷ் தெரியாதும்மா” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“தெரியாது. அன்னிக்கும் தெரியாது. நாப்பத்தாறாம் பக்கத்துல ஒரு ஆள்தான் தொடணும்னு இல்ல. நானாத்தான் சொன்னேன். நீ நாலு நாள் ஓட்டிட்டியேன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன்.”

அவள் கை நிற்கவில்லை. ஒரு பெட்டி மடித்தாள், இன்னொரு பெட்டி மடித்தாள். மூன்றாவது அட்டையில் நின்றது.

“அப்ப அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?”

“மெஷின மரப்பெட்டியில எப்படிக் கட்டி அனுப்பணும்னு போட்டிருக்கு.”

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். “யோவ்” என்றார். “அப்ப மத்தியான ரெஸ்ட்டு?”

“அதுவும் இல்ல முதலாளி.”

“டீ டம்ளர்?”

“அதுவும்தான்.”

முதலாளி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். மூணாம் டேபிள் யாரையும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுங்க எல்லாரையும் நான்தானே தொடாத தொடாதன்னு வெரட்டினேன்” என்றாள். “பதினோரு வருஷம். உங்களுக்கு நான் காவல் காத்திருக்கேன்.”

மன்னித்துவிடு என்று கேட்கலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். அந்தச் சொல்லை எடுக்க வெட்கமாக இருந்தது.

“ஒன்பதாம் பக்கத்துல வேற எழுதியிருக்கும்மா” என்றார் கடைசியில்.

“படிங்க.”

புத்தகத்தை மேஜை மேல் விரித்து, விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் போலிஷில் படித்தார். இரண்டு இடத்தில் திக்கினார். முன்னெல்லாம் விரல் தடையில்லாமல் ஓடும், அன்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போயிற்று. பிறகு அர்த்தம் சொன்னார்: ஒரே ஆளை நம்பி விடக் கூடாது, குறைந்தது இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும்.

“இன்னொரு தடவ.”

படித்தார்.

“முதலாளிக்குக் கேக்கற மாதிரி.”

மூன்றாம் முறை சத்தமாகப் படித்தார். படித்து முடித்தபோது கழுத்து வேர்த்து, சட்டைக் காலர் நனைந்திருந்தது. மூணாம் டேபிள் எழுந்து, மெஷினிடம் போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். பெல்ட்டை இறுக்கும் சக்கரத்தை வலது கையால் பிடித்தாள். திருப்ப முடியவில்லை. மணிக்கட்டு மடங்கவே இல்லை. அவர் பதறிப்போய் ஓடி, கையை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றாள்.

இடது கையை மாற்றிப் போட்டு, மெதுவாகத் திருப்பினாள்.

“நீங்க படிங்க, போதும். நான் பண்ணிக்கறேன்.”

எட்டுப் பேரில் ஆறு பேர் இரண்டு மெஷினிலும் பழகிக்கொண்டார்கள், இரண்டு பேர் தங்களுக்கு ஒத்துவராது என்று நின்றுகொண்டார்கள். முதலாளி போலந்தாரை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பல நாள் தோன்றியதுண்டு. மூணாம் டேபிளின் மகள் பரீட்சை தேறிப் போலந்துக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மாடிக்குப் போகிறார். புது ஆட்கள் வந்து சேரும்போதெல்லாம் டீச்சர் அதே கேள்வியைக் கேட்பார். லாரி, கல்யாணம், மேல்படிப்பு என்று வரிசையாகக் காரணங்கள் வரும். “எங்க கம்பெனியில ஒருத்தங்களுக்குப் படிச்சுக் காட்டணும்” என்று இவர் சொல்வார். யார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

தினமும் காலையில், மெஷின் ஓடத் தொடங்குமுன், ஒரு பக்கம். மூணாம் டேபிள் மரப் பலகை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அவர் புத்தகத்தோடு எதிரே நிற்பார். அவள் குறுக்குக் கேள்வி கேட்பாள், தெரியாததைத் தெரியாது என்று அவர் சொல்வார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு கடுஞ்சொல் கிடையாது.

“ம், படிங்க” என்பாள்.

அதற்குப் பின்னால் ‘அண்ணே’ வருகிறதா என்று அவர் தினமும் ஒரு மூச்சு காத்திருந்து பார்க்கிறார். பிறகு படிக்கிறார்.